ஹோம் விசிட்டிங்: வீடுதேடித் தாய்சேய் மனநலப் பணி

பிள்ளை பெற்றவளையும் கைக்குழந்தையையும் பயிற்சி பெற்ற ஒருவர் அவர்கள் வீட்டுக்கே தவறாமல் போய்ப் பார்த்து, இருவர் மனநலத்துக்கும் துணைநிற்கும் ஏற்பாட்டுக்கு ‘ஹோம் விசிட்டிங்’ என்று பெயர். தடுப்பூசி போட்டாயிற்றா, எடை கூடியதா என்று விசாரிக்கவும் வீட்டுக்குப் போகிறார்கள். ஆனால் இந்தப் பணியில் கவனம் தாய்க்கும் சேய்க்கும் இடையே நடப்பதன் மேல். குழந்தை அழும்போது அவள் முகம் எப்படி மாறுகிறது? பால் கொடுக்கையில் அதன் கண்ணைப் பார்க்கிறாளா?

‘விசிட்’ இலத்தீனின் ‘விசிட்டாரே’யிலிருந்து வந்தது, அதற்கும் மூலம் ‘பார்த்தல்’ எனப் பொருள்படும் ‘விதேரே’. ஆக, போய்ப் பார்ப்பதே அடிப்படைப் பொருள். கைக்குழந்தையைக் குறிக்கும் ‘இன்ஃபன்ட்’டும் இலத்தீன் வழிச் சொல்தான். ‘இன்ஃபான்ஸ்’ என்றால் பேசாதது.

வீடு தேடிப் போகும் வழக்கம் பழையது. இங்கிலாந்தின் மான்செஸ்டர், சால்ஃபோர்டு பகுதியில் 1862-இல் ஏழைகளின் வீடுகளுக்குப் பெண்களை அனுப்பினார்கள். ‘ஹெல்த் விசிட்டர்’ பணியின் தொடக்கமாக அதைச் சொல்வார்கள். அன்றைய அக்கறை சுகாதாரத்தைப் பற்றியது.

மனத்துக்கு முறையான இடம் கிடைத்தது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில். 1970-களில் ஆன் ஆர்பர் நகரில் செல்மா ஃப்ரைபெர்க் என்ற உளப்பகுப்பாய்வாளர், சிகிச்சையைத் தாய்மாரின் வீட்டுக்கே கொண்டுபோனார். அடுக்களையில் நடக்கும் உளச்சிகிச்சை என்று அவரே அதைக் குறிப்பிட்டார். சக பணியாளர்கள் இருவருடன் 1975-இல் அவர் எழுதிய கட்டுரையில் ஐந்தரை மாதப் பெண்குழந்தை ஒன்று வருகிறது. அது வீறிட்டு அழுகிறது. தாயோ எங்கேயோ வெறித்துக்கொண்டிருக்கிறாள். கல்நெஞ்சுக்காரி என்று அவளை அவர்கள் ஒதுக்கவில்லை. சிறு வயதில் அவள் அழுத அழுகை யார் காதிலும் விழவில்லை என்று கண்டுகொண்டார்கள். அதை ஒருவர் உட்கார்ந்து கேட்டால், பிள்ளையின் அழுகை அவளுக்குக் கேட்கும் என்று நம்பினார்கள். தன் துயரத்தைச் சொல்லி அழுத பிறகுதான் அவள் குழந்தையை வாரி அணைக்கத் தொடங்கினாள்.

பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டறிய இன்று உலகெங்கும் பயன்படும் எடின்பரோ அளவுகோல் 1987-இல் வெளியானது. கடந்த 7 நாள்களில் தாய் எப்படி உணர்ந்தாள் என்று கேட்கும் 10 கேள்விகள்; அவ்வளவே. வீட்டுக்கு வருபவர் கையிலும் இருக்கத்தக்க எளிய கருவி அது.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘வீட்டு வருகை’ என்றால் விருந்தாளி வந்ததுபோல் இருக்கிறது. ‘கள ஆய்வு’ அறவே கூடாது. பிள்ளையைச் சரியாக வளர்க்கிறேனா என்று சோதிக்க வந்துவிட்டார்களோ என ஏற்கெனவே பயந்துகிடப்பவளிடம் அந்தச் சொல்லைக் கொண்டுபோவது கொடுமை. ‘சிசு மனநலம்’ தாயை விட்டுவிடுகிறது; ‘மகப்பேற்று மனநலம்’ பிள்ளையை விட்டுவிடுகிறது.

‘தாய்சேய் நலம்’ நம்மிடம் நெடுங்காலமாகப் புழங்கும் தொடர். ‘மக்களைத் தேடி மருத்துவம்’, ‘இல்லம் தேடிக் கல்வி’ ஆகிய தமிழ்நாட்டுத் திட்டங்கள் 2021-இல் வந்தபின் ‘தேடி’ என்பதும் எல்லார் வாயிலும் பழகிவிட்டது. இரண்டையும் சேர்த்து ‘வீடுதேடித் தாய்சேய் மனநலப் பணி’ என்பதே பொருத்தம். செய்பவர் ‘தாய்சேய் மனநலப் பணியாளர்’. பேச்சில் இவ்வளவு நீளமும் வேண்டியதில்லை: “உங்களையும் பாப்பாவையும் பார்த்துவிட்டுப் போக வாரம் ஒருமுறை வருவேன், அம்மா” என்றால் போதும்.