போகிப் புகை ஏன் மேலே போவதில்லை?

போகி விடிகாலையில் சென்னையில் ஏதாவது மொட்டை மாடியில் நின்று பாருங்கள். தெருமுனையில் எரியும் பழைய பாயின் புகை கொஞ்ச உயரம் ஏறும். அப்புறம் எதிலோ முட்டியதுபோல் பக்கவாட்டில் படரும். கொடியில் மறந்துவிட்ட துண்டை உதறினால் கரி உதிரும். இதே பாயை மதியம் கொளுத்தினால் புகை இப்படித் தேங்குவதில்லை.

காரணம் நெருப்பில் இல்லை, காற்றில் இருக்கிறது. பகலில் தரையை ஒட்டிய காற்று சூடாக இருக்கும். மேலே போகப் போகக் குளிரும். சூடான காற்று லேசானது என்பதால் புகையையும் தூக்கிக்கொண்டு மேலே போய்விடுகிறது. மார்கழிக் கடைசியில், மேகமும் காற்றும் இல்லாத இரவில், தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிட்டுச் சில்லிட்டுப்போகிறது. அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றும் குளிர்கிறது. மேலே இருப்பதோ அதைவிடச் சூடான காற்று. கனத்த குளிர்காற்று கீழேயே கிடக்க, சூடான அடுக்கு பானைக்கு மூடி போட்டதுபோல் மேலே உட்கார்ந்துகொள்கிறது. இந்த மூடி மிக இறுக்கமாக இருப்பது விடியும் முன்புதான். நாம் தீ மூட்டுவதும் சரியாக அந்த நேரத்தில்தான்.

போதாததற்குப் பனி வேறு. நீராவி துளியாக மாற, பற்றிக்கொள்ள ஒரு துகள் வேண்டும். புகை அதைக் கணக்கில்லாமல் கொடுக்கிறது. 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் ஓடுபாதை தெரியாமல் பல விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டது இந்தக் கலவையால்தான்.

துண்டில் ஒட்டும் கரியைவிடக் கண்ணுக்குத் தெரியாத துகள்கள்தான் எனக்குப் பயம். 2.5 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ளவை; தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. பெரிய தூசியை மூக்கும் சளியும் பிடித்துவிடும். இவை நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகின்றன. மிக நுண்ணியவை ரத்தத்திலும் கலக்கின்றன. அதனால் இருமலோடு நிற்பதில்லை, மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் இவை காரணமாகின்றன. ஒரு கன மீட்டர் காற்றில் ஒரு நாள் சராசரியாக 15 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்; இந்திய வரம்பு 60. பாய்க்குப் பதில் டயரைப் போட்டால் கந்தக டை ஆக்சைடும் பென்சீனும் கூடச் சேரும்.

வெயில் ஏறித் தரை சூடானதும் மூடி கலையும், புகையும் மேலே போகும். பால் பாக்கெட் போடுகிறவரும், தெருவில் சாம்பலை அள்ளும் தூய்மைப் பணியாளரும் அதற்குள் பாதி வேலையை முடித்திருப்பார்கள், அந்த மூடிக்கு அடியிலேயே.