மரபணு வெளிப்படுகிறதா, இயங்குகிறதா?

“பெரியப்பா, மரபணு வெளிப்பட்டுவிட்டால் உள்ளே என்ன மிச்சம் இருக்கும்?”

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் தம்பி மகள் கேட்டாள். அப்போது நான் ஒரு மொழிபெயர்ப்புக் கட்டுரையைப் பிழைதிருத்திக்கொண்டிருந்தேன். அதில் இருந்த நுண்ணோக்கிப் படத்தின் அடியில் “எண்காலிக் கருவில் மரபணு வெளிப்பாடு” என்று போட்டிருந்தார்கள். பிள்ளை சரியாகத்தான் கேட்டாள். பிழை ‘வெளிப்பாடு’ என்ற சொல்லில்தான் இருக்கிறது.

‘ஜீன்’ என்ற சொல்லை 1909-இல் உருவாக்கியவர் டென்மார்க் அறிவியலாளர் வில்ஹெல்ம் யோகான்சென். நாம் மரபணு என்கிறோம், இலங்கையில் பரம்பரை அலகு என்கிறார்கள். இரண்டும் நிலைத்துவிட்டன. அதோடு சேர்ந்து வரும் ‘எக்ஸ்பிரஷன்’ என்பதைத்தான் ‘வெளிப்பாடு’ ஆக்கினார்கள். அதன் இலத்தீன் வேருக்குப் ‘பிழிந்து வெளியேற்றுதல்’ என்று பொருள். முதலில் அது கண் நிறம், இறகு வடிவம் என உடலில் தெரியும் பண்பையே குறித்தது. 1961-இல் பிரெஞ்சு அறிவியலாளர்கள் ஜேக்கப், மோனோ ஆகியோரின் ஆய்வு வந்த பிறகு அதன் பொருள் செல்லுக்குள் இறங்கிவிட்டது. மரபணுவிலிருந்து அதன் செய்தியைச் சுமக்கும் தூது ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படுவதும் அதைக் கொண்டு புரதம் உருவாவதுமே இன்று அந்தச் சொல்லுக்குப் பொருள். தமிழ்ச் சொல் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது.

வெளிப்படுவது என்றால் மறைந்திருந்தது கண்ணுக்குத் தெரிய வருவது. நன்னூலார் ‘வெளிப்படை’ என்று வைத்ததும் ஐயத்துக்கு இடமில்லாமல் தெரிவதைத்தான். மரபணுவோ எங்கும் வெளியே வருவதில்லை. செல்லின் உட்கருவிலேயே இருந்து வேலை பார்க்கிறது.

கட்டுரையில் எண்காலி என்று எழுதியிருந்த ஆக்டோபஸின், அதாவது நம் மீனவர்கள் சொல்லும் பேய்க்கணவாயின் முட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் சுமார் 2 மில்லிமீட்டர், அரிசி நொய்யைப் போல இருக்கும். முட்டை முழுவதும் பிளவுபடுவதில்லை. காம்புக்கு எதிர் முனையில் மட்டும் செல்கள் பிரிந்து, மஞ்சள் கருவின் மேல் ஒரு தொப்பி போலப் படர்கின்றன. விலங்குகளில் பொதுவாக இந்தத் தொடக்கக் கட்டத்தை நடத்துவது தாய் முட்டைக்குள் வைத்து அனுப்பிய ஆர்.என்.ஏ.தான். குஞ்சின் சொந்த மரபணுக்கள் அதற்குப் பிறகே வேலையைத் தொடங்குகின்றன. இதை “குஞ்சின் மரபணு பின்னர் வெளிப்படுகிறது” என்று எழுதினால், கால் முளைத்ததையோ நிறம் வந்ததையோ சொல்கிறார்கள் என்றுதான் வாசகர் நினைப்பார். “பின்னர் இயங்கத் தொடங்குகிறது” என்று எழுதினால் அந்தக் குழப்பம் இல்லை.

பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் செய்து 2021-இல் வெளியான ஆய்வையும் பாருங்கள். பேய்க்கணவாய்க் குஞ்சின் மூளை நரம்பணுக்கள் மூளைக்கு வெளியே, கண்ணை ஒட்டிய திசுவில் பிறந்து உள்ளே இடம்பெயர்கின்றன. வழியில் முதலில் ஒரு மரபணு, அடுத்து நியூரோஜெனின் என்னும் மரபணு, அதற்கடுத்து நியூரோடி என்னும் மரபணு என முறைவைத்து இயங்குகின்றன. இங்கே முறை மாறுவதுதான் செய்தி. ‘வெளிப்பாடு’ அதை விழுங்கிவிடுகிறது.

இன்னொரு தொல்லையும் உண்டு. கதிர்வீச்சு உடலில் படுவதற்கும் ‘வெளிப்பாடு’, கவிஞரின் உணர்ச்சிக்கும் ‘வெளிப்பாடு’. ஒரே பத்தியில் “கதிர்வீச்சு வெளிப்பாட்டால் மரபணு வெளிப்பாடு குறைந்தது” என்று படித்திருக்கிறேன். மரபணு அளவுக்கு மீறி இயங்குவதைக் குறிக்கும் ‘மிகைவெளிப்பாடு’ என்பதோ ஒளி அதிகம் விழுந்து வெளுத்துப்போன புகைப்படத்தை நினைவூட்டுகிறது.

‘செயல்பாடு’ போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். போதாது. மரபணுவின் செயல்பாடு என்றால் அதனால் என்ன பயன் என்பது பொருள். இங்கே கேட்பது அது இப்போது வேலை செய்கிறதா, எவ்வளவு செய்கிறது என்பதை. ‘இயக்கம்’ என்றால் இடம்விட்டு இடம் நகர்வதாக ஆகாதா என்ற மறுப்பில் ஓரளவு நியாயம் இருக்கிறது. பேய்க்கணவாயின் மரபுத்தொகையில், அதாவது அதன் மொத்த மரபுச் செய்தியில், இடம்விட்டு இடம் தாவும் கூறுகள் நிறைய உண்டு. ஆனால் அவற்றுக்குத் தாவுதல் என்ற சொல்லே இருக்கிறது. மோட்டார் இயங்குகிறது என்றால் அது ஓடிப்போய்விட்டதாக யாரும் எண்ணுவதில்லை.

ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் அகராதியில் முதலில் நிற்கும் தமிழ்ச் சொல்லை எடுத்து ஒட்டுவது மொழிபெயர்ப்பாகிவிட்டது. செல்லுக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு நிமிடம் யோசிப்பதில்லை. ‘எண்காலி’யும் அப்படி வந்ததுதான். எட்டுக்கால் என்றால் நமக்கு நினைவு வருவது சிலந்தி. மன்னார் வளைகுடா மீனவர்கள் ஊசிக்கணவாய், ஓட்டுக்கணவாய், பேய்க்கணவாய் என்று பெயரிட்டுப் பிரித்து வைத்திருப்பதை யாரும் கேட்கவில்லை. ‘கரு’வும் இலங்கைப் பாடநூல்களில் உட்கருவைக் குறிக்கும். அங்கே வளரும் உயிருக்கு முளையம் என்று தனிச்சொல் உண்டு. அது நமக்கும் உதவும்.

படத்தின் அடியில் இருந்ததை அடித்துவிட்டு, “பேய்க்கணவாய் முளையத்தில் இயங்கும் மரபணுக்கள்” என்று எழுதித் தம்பி மகளிடம் காட்டினேன். “எந்த இடத்தில் இயங்குகிறது?” என்று படத்தை இழுத்துப் பார்த்தாள்.