ஒரே ஃபைபர்ல 32 வீடு, ஆனா யாரும் யாரு மேலயும் முட்டிக்கிடல

திருவட்டாறு பக்கத்துலருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: "அண்ணா, வீட்டுக்கு மொத தடவையா நெட் போடுதோம். மூணு கம்பெனிக்காரங்க வந்து பேசிட்டுப் போயாச்சு, எல்லாரும் 100 எம்பிபிஎஸ்னுதான் சொல்லுதாங்க. பக்கத்து வீட்டு அக்கா மட்டும் ராத்திரி ஒம்பது மணிக்கு மேல இழுவையா இழுக்குன்னு சொல்லுதாங்க. எதப் போட?"

சில்லறை விஷயத்த மொதல்ல முடிச்சிருவோம். 100 எம்பிபிஎஸ்ங்கது பிட் கணக்கு, எட்டால வகுத்தா செகண்டுக்கு 12.5 எம்பி, அவ்வளவுதான். நோட்டீஸ்ல போட்டிருக்க ரேட்டு மேல 18% ஜிஎஸ்டி தனியா வருமான்னு கேளுங்க, எத்தன ஜிபிக்கு அப்புறம் ஸ்பீட கொறைப்பாங்கன்னும் கேளுங்க. அப்லோடு ஸ்பீடு எவ்வளவுன்னு அவங்களா சொல்ல மாட்டாங்க, நீங்கதான் கேக்கணும்.

இனி அந்த அக்கா சொன்ன விஷயம். உங்க வீட்டுக்கு வர்ற ஃபைபர், அதாவது வெளிச்சத்துல டேட்டா அனுப்புத கண்ணாடி இழை, எக்ஸ்சேஞ்சுலருந்து தனியா வரல. அங்கருந்து வர்றது ஒரே ஒரு இழை, உங்க தெருப் பக்கத்துல ஏதாவது போஸ்ட்டுல ஒரு சின்னப் பெட்டிக்குள்ள அது 32 ஆவோ 64 ஆவோ பிரியுது. அந்தப் பெட்டிக்கு ஸ்ப்ளிட்டர்னு பேரு, அதுக்குள்ள வெறும் கண்ணாடிதான், கரண்டே வேண்டாம். மழை நேரத்துல ஊரே இருட்டா கெடந்தாலும் அது பாட்டுக்கு வேல செய்யும், உங்க மோடத்துக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் கரண்டு இருந்தா போதும்.

இப்படி ஒரே இழைய பல வீட்டுக்குப் பங்கு வைக்க முறைக்கு ஜிபான் (GPON)னு பேரு. அதுல கீழ, அதாவது எக்ஸ்சேஞ்சுலருந்து வீட்டுக்கு வர்ற வெளிச்சத்தோட அலைநீளம் 1490 நானோமீட்டர், வேகம் கிட்டத்தட்ட 2.5 ஜிபிபிஎஸ். எல்லார் டேட்டாவும் எல்லா வீட்டுக்கும் வரும், ஆனா பூட்டுப் போட்டு வரும், உங்க மோடம் உங்களுக்குள்ளத மட்டும் தொறக்கும். இது லேசான வேல.

மேல, அதாவது வீட்டுலருந்து எக்ஸ்சேஞ்சுக்குப் போறதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். 32 வீட்டு லேசரும் 1310 நானோமீட்டர்ல அதே ஒத்த இழைக்குள்ள போய்ச் சேரணும், ரெண்டு பேரு ஒரே நேரத்துல அடிச்சா ரெண்டுமே குப்பை. அதனால எக்ஸ்சேஞ்சுல இருக்க மெஷின், 125 மைக்ரோ செகண்டுக்கு ஒருக்கா, நீ இப்ப பேசு, நீ இப்ப நிறுத்துன்னு முறை போட்டுக் குடுக்கும், முறை வராதப்ப உங்க லேசர் அணைஞ்சு கெடக்கும். ஆனா ஒரு வீடு 300 மீட்டர்ல, இன்னொரு வீடு 6 கிலோமீட்டர் தள்ளி ரப்பர் தோட்டத்துக்குள்ள இருக்குன்னு வைங்க. கண்ணாடியில வெளிச்சம் ஒரு கிலோமீட்டர் போக 5 மைக்ரோ செகண்ட் ஆவும், அப்போ முறை எப்படி ஒத்துவரும்? மெஷின் ஒவ்வொரு வீட்டுக்கும் சிக்னல் போய்த் திரும்புத நேரத்த அளந்து, கிட்ட இருக்கவன் கொஞ்சம் பொறுத்து அடிக்கணும்னு தாமதம் குடுத்துரும். எல்லா வீடும் ஒரே தூரத்துல இருக்க மாதிரி நடிக்கணும், கேட்டியளா! அப்லோடுல ஒரு பிட்டு நேரத்துல வெளிச்சம் கண்ணாடிக்குள்ள போற தூரம் வெறும் 16 செ.மீ., ஒரு சாண் கூட இல்ல, அந்த அளவு துல்லியமா பாத்துதான் வரிசை போடுது. புது மோடம் மாட்டுனா அது பேரச் சொல்லுததுக்காக மத்த எல்லாரையும் சுமார் 250 மைக்ரோ செகண்ட் வாய மூட வைக்கும். உங்க தெருவே உங்களுக்காக அமைதியாவுது, யாருக்கும் தெரியாது.

1966ல சார்லஸ் காவோ, ஹாக்காம்னு ரெண்டு ஆராய்ச்சிக்காரங்க கண்ணாடிய சுத்தமாக்குனா வெளிச்சத்த ரொம்ப தூரம் அனுப்பலாம்னு எழுதினப்ப, அப்படி ஒரு கண்ணாடியே உலகத்துல இல்ல. 1970ல கார்னிங்ங்க அமெரிக்கக் கண்ணாடிக் கம்பெனி செஞ்சு காட்டுச்சு, காவோவுக்கு நோபல் கெடைக்க 2009 ஆச்சு. ரெண்டு வருஷத்துல என்ன பிராடக்ட் வரும்னு கேட்டுக் காசு குடுக்கவங்க இதக் கொஞ்சம் யோசிச்சா நல்லது.

அப்போ ராத்திரி ஏன் இழுக்கு? 2.5 ஜிபிபிஎஸ்ஸ 32 ஆ வகுத்தா ஆளுக்கு 78 எம்பிபிஎஸ். எல்லாரும் ஒரே செகண்டுல முழுசா இழுக்கது அபூர்வம், அதனால ஸ்ப்ளிட்டர மட்டும் குத்தம் சொல்ல முடியாது. உங்க ஆபரேட்டர் மேலருந்து எவ்வளவு ஸ்பீடு வாங்கி எத்தன பேருக்குப் பங்கு வைக்காருங்கதும் முக்கியம், அது எந்த நோட்டீஸ்லயும் இருக்காது. அதனால கம்பெனி பேர விட, அதே தெருவுல அதே கனெக்ஷன் வச்சிருக்க வீட்டுல ராத்திரி ஒம்பது மணிக்குப் போய், வைஃபை இல்லாம லேன் வயரு போட்டு ஸ்பீடு பாருங்க. வைஃபைய நம்பக் கூடாது, பழைய வெட்டுக்கல் சுவர்ல 5 ஜிகாஹெர்ட்ஸ் திணறும். இதுல வாஸ்து பாத்து ரவுட்டர ஈசான மூலையில வைக்கவங்களும் உண்டு, பாதி சிக்னல் வெளிய வாழைக்குத்தான் போவும். வீட்டுக்கு நடுவுல வைங்க.

கேபிள் அறுந்தா யாரு வருவா, எத்தன நாள்ல வருவான்னும் அக்கம்பக்கத்துல விசாரிங்க. நம்ம ஊரு காத்துல மரக்கொம்பு விழாத மாசம் கொறவு.

கனெக்ஷன் குடுக்க வர்ற பையன்கிட்ட, இழையில வர்ற வெளிச்சத்தோட பலத்த அளக்க பவர் மீட்டர் இருக்கும். இழைய மோடத்துல சொருகுததுக்கு முன்னாடி ரீடிங்க காட்டச் சொல்லுங்க. மைனஸ் 20 டிபிஎம் (dBm) பக்கம்னா நல்லது, மைனஸ் நம்பர் கூடக் கூட வெளிச்சம் கொறவு. மைனஸ் 26ன்னு காட்டுனா இன்னைக்கு நெட்டு வரும், ஆனா மைனஸ் 27தான் எல்லை, எங்கயாவது வயரு கொஞ்சம் மடங்குனாலே மோடத்துல சிவப்பு லைட்டு எரியும். ஜாயிண்ட மறுபடி போட்டுட்டுப் போகச் சொல்லுங்க, அதுக்குப் பொறவு கையெழுத்துப் போட்டா போதும்.