முனைக்கீற்று: 'செரிஃப்' என்பது அலங்காரம் அன்று

கொழும்பு, கொட்டாஞ்சேனையில் உள்ள அச்சகமொன்றில் சென்ற மாதம் ஒரு திருமண அழைப்பிதழின் மாதிரியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். மணமக்களின் பெயர்களை ஆங்கிலத்தில் பொறிக்க, கையால் வரையப்பட்ட செரிஃப் எழுத்துரு ஒன்றைத் தெரிவு செய்திருந்தார்கள். விலைப்பட்டியலில் அதற்கு 'அலங்கார எழுத்து' என்று பெயர். மணமகளின் தகப்பனார் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அலங்கார எழுத்தெண்டு போட்டிருக்கிறியள், இதில ஒரு பூவையும் காணேல்லையே தம்பி" என்று அச்சகத்துப் பொடியனிடம் கேட்டார். அவர் கேட்டது நியாயம். பிழை, 'செரிஃப்' என்பதை 'அலங்காரம்' என்று ஆக்கிய மொழிபெயர்ப்பில் இருந்தது.

எழுத்தின் கோடு முடியும் இடத்தில் குறுக்கே நிற்கும் சிறு கீற்றே செரிஃப். கோட்டைக் குறிக்கும் 'ஸ்க்ரேஃப்' என்ற டச்சுச் சொல்லிலிருந்து அது வந்தது என்பது பலரும் ஏற்கும் கருத்து; அதன் வேரான இலத்தீன் வினை முதலில் கீறுவதையும் பின்னர் எழுதுவதையும் குறித்தது.

இதில் அலங்காரம் எங்கே இருக்கிறது? உரோமில் கி.பி. 113 இல் எழுப்பப்பட்ட பேரரசர் திராயானின் வெற்றித் தூணில் உள்ள எழுத்துகளை ஆராய்ந்த எழுத்துக்கலைஞர் எட்வர்ட் கட்டிச், தட்டைத் தூரிகையால் கல்லில் எழுதிய பின்னரே உளி வைத்தார்கள் என்றும், கோட்டை முடிக்கையில் தூரிகை திரும்பிய தடமே செரிஃப் ஆயிற்று என்றும் 1968 இல் வாதிட்டார். பட்டை முனைப் பேனாவைச் சாய்த்துத் தாளில் ஊன்றி, ஒரு கணம் நிறுத்திக் கீழே இழுத்துப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்: கோட்டின் தலையில் சாய்வான கீற்றொன்று தானாகவே விழும். ஜெர்மானிய வடிவமைப்பாளர் ஹெர்மன் சாப்ஃப் வரைந்த 'பலத்தீனோ' என்ற எழுத்துருவில் பேனா நடந்த அந்தத் தடம் இன்றும் தெரிகிறது.

செரிஃபை அலங்காரம் என்றால், அது இல்லாதது 'அலங்காரமற்ற எழுத்து' ஆகிவிடும். உண்மையிலேயே கொடியும் பூவுமாக வரும் எழுத்துக்குப் பெயரே மிஞ்சாது. பக்கம் பக்கமாக வாசிக்க வேண்டிய ஆங்கில நூல்கள் காலங்காலமாகச் செரிஃபிலேயே அச்சாகின்றன. அவற்றையும் அலங்காரம் என்பதா? கையால் வரைந்த வகை நூலட்டைக்கும் தலைப்புக்கும் அழைப்பிதழுக்கும் அழகு சேர்க்கும் என்பது உண்மை. ஆனால் அதன் மெல்லிய கோடுகள் சிறிய அளவில் மங்கிப்போகும் என்ற எச்சரிக்கையை 'அலங்காரம்' என்ற சொல் தராது. அகராதியில் 'அலங்காரமான சிறு கோடு' என்று கண்டால், கோட்டைக் கைவிட்டு அலங்காரத்தைப் பற்றிக்கொள்வது நம் மொழிபெயர்ப்பாளர்களின் வழக்கமாகிவிட்டது.

'கொம்பெழுத்து' என்று சிலர் சொல்வதும் பொருந்தாது. ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு என்று படித்த பிள்ளைக்கு அது 'கெ', 'கே' இரண்டையுமே நினைவூட்டும். 'முனையிழுப்பு' என்று நானும் ஒருகால் எண்ணினேன். ஆனால் இழுப்பு என்றால் இங்கே மூச்சு நோய்.

ஆகவே 'முனைக்கீற்று' என்பதே என் தெரிவு. பிறைக்கீற்று, திருநீற்றுக் கீற்று என்று மெல்லிய கோட்டுக்கு அந்தச் சொல் ஏற்கெனவே வழங்குகிறது. தமிழ்நாட்டில் படம் வரைவார்கள், இலங்கையில் நாங்கள் படம் கீறுகிறோம். கத்தியின் வேலையிலிருந்து பேனாவின் வேலைக்கு இலத்தீன் வினை வந்த வழியிலேயே எங்கள் 'கீறு' என்ற சொல்லும் வந்திருக்கிறது. விலைப்பட்டியலில் அந்த வரியை அடித்துவிட்டு, 'கைவரை முனைக்கீற்று எழுத்துரு' என்று எழுதிக் கொடுத்தேன். செரிஃப் இல்லாததற்கு, அதன் கீழேயே, 'கீற்றிலா எழுத்துரு'.