ஓவர்டோஸ்: மிகையளவா, நஞ்சேற்றமா?

'ஓபியாய்டு ஓவர்டோஸ்' என்பதை நம் செய்திகளில் பெரும்பாலும் "அளவுக்கு அதிகமாகப் போதை மருந்து உட்கொண்டு இறந்தார்" என்று ஒரே மூச்சில் முடித்துவிடுகிறார்கள். அந்த வாக்கியத்தில் இரண்டு கோளாறு இருக்கிறது. எந்த மருந்து என்பது காணாமல் போய்விடுகிறது. அப்புறம், சரியான அளவு எது என்று இறந்தவருக்குத் தெரிந்திருந்தது போலவும், தெரிந்தே அதைத் தாண்டினார் என்பது போலவும் ஒரு தொனி வந்து ஒட்டிக்கொள்கிறது. கொரோனா காலத்தில் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த சாவுகளைப் பற்றிய ஆய்வுகளைப் படித்தவர்களுக்கு இந்தத் தொனி உறுத்தும்.

முதலில் ஓபியாய்டு. வேர் கிரேக்கம். 'ஓபோஸ்' என்றால் செடியின் சாறு, பால். அதிலிருந்து வந்தது 'ஓபியோன்'. கசகசாச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் பால் வடியும், அது காய்ந்து பழுப்பு நிறப் பிசினாகும், அதற்கான பெயர்தான் இது. லத்தீனில் ஓபியம், அரபியில் அஃப்யூன், இந்தியில் அஃபீம், தமிழில் அபின், அபினி. சமஸ்கிருதத்தில் 'அஹிபேனம்' என்று ஒரு சொல் உண்டு, பாம்பின் நுரை என்று பொருள். வெளியிலிருந்து வந்த சொல்லுக்கு உள்ளூர்ப் பொருள் கற்பித்துச் செய்த வடிவம் அது என்பார்கள். இருக்கட்டும், நஞ்சின் வாடையை அது சரியாகப் பிடித்திருக்கிறது.

வாலில் உள்ள 'ஆய்டு' கிரேக்க 'ஈதோஸ்', அதாவது உருவம், சாயல். ஆக ஓபியாய்டு என்றால் அபினியின் சாயல் கொண்டது. செடியிலிருந்து நேராகக் கிடைக்கும் மார்ஃபின், கோடீன் போன்றவற்றை ஓபியேட் என்று அழைத்துவந்தார்கள். ஆய்வகத்தில் செய்த மருந்துகள் பெருகியபோது அவற்றையும் சுட்ட ஒரு பெயர் தேவைப்பட்டு, 1950-களில் ஓபியாய்டு புழக்கத்துக்கு வந்தது. இன்று செடியிலிருந்து வந்தது, பாதி செயற்கை, முழுச் செயற்கை எல்லாமே அந்தக் குடைக்குள் அடங்கும். பெல்ஜியத்தில் பால் யான்சன் 1960 வாக்கில் உருவாக்கிய ஃபென்டனில் முழுச் செயற்கை. அதில் செடியின் சம்பந்தமே கிடையாது. ஆனாலும் மூளையில் மார்ஃபின் போய் உட்காரும் அதே ஏற்பிகளில்தான், அதாவது மருந்து வந்து ஒட்டிக்கொள்ளும் செல்லின் இடங்களில்தான், அதுவும் உட்காருகிறது. இந்த வகைக்குள் சேர அதுதான் தகுதி.

தமிழில் என்ன சொல்வது? சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'அபினிப்போலி' கச்சிதம். ஆனால் மார்ஃபினைவிட ஏறக்குறைய 100 மடங்கு வீரியமுள்ள ஒன்றைப் போலி என்றால் படிப்பவர் என்ன நினைப்பார்? போதாக்குறைக்கு, இந்தக் கதையில் நிஜமாகவே போலி மாத்திரைகள் வருகின்றன. 'அபினி வகை மருந்து' என்றால் யாருக்கும் குழப்பமில்லை, என் வாக்கு அதற்குத்தான். ஓபியாய்டு என்றே எழுதினாலும் தவறில்லை. வெறுமனே 'போதை மருந்து' என்று மட்டும் எழுதக் கூடாது, ஏனென்றால் கோக்கைனால் வரும் சாவு வேறு, இது வேறு.

சரி, ஓவர்டோஸ். 'டோசிஸ்' என்றால் கிரேக்கத்தில் கொடுத்தல். கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார், அளந்து கொடுக்கிறார் என்ற நினைப்பு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. மருத்துவமனையில் அது பொருந்தும். தெருவில் விற்கும் பொடியை யார் அளந்தார்கள்? நீல நிறத்தில், ஒரு பக்கம் எம் என்றும் மறுபக்கம் 30 என்றும் பொறித்து, பார்க்க ஆக்சிகோடோன் வலி மாத்திரை போலவே இருக்கும் போலிகள் அமெரிக்கச் சந்தையில் புழங்குகின்றன. உள்ளே இருப்பது பெரும்பாலும் ஃபென்டனில். அதில் 2 மில்லிகிராம், உப்பு என்றால் சில பரல், பழக்கமில்லாத ஒருவரைக் கொல்லப் போதும். ஒரே கலவையில் அச்சடித்த இரண்டு மாத்திரைகளில்கூட அளவு ஒன்றாக இருக்காது. வாங்குபவர் ஒரு மாத்திரைதான் விழுங்குகிறார், அவர் கணக்கில் அது மிகையே இல்லை.

உடலில் நடப்பது இதுதான். மூளைத்தண்டில் மூச்சை ஓட்டும் பகுதியை மருந்து அமுக்கிவிடுகிறது. கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், உதடும் நகமும் நீலம் பாயும், தொண்டையில் கொரகொரவென்று ஒரு சத்தம் வரும் (குறட்டை என்று நினைத்துப் பக்கத்து அறையில் இருப்பவர் விட்டுவிடுவதும் உண்டு), பிறகு மூச்சு நின்றுவிடும். நலாக்சோன் என்ற மாற்று மருந்தை மூக்கில் பீய்ச்சினால் அது ஏற்பிகளிலிருந்து ஓபியாய்டைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்ளும், சில நிமிடங்களில் மூச்சு திரும்பும். அதன் வேலை 30 முதல் 90 நிமிடம் வரைதான், அதனால் ஆம்புலன்ஸையும் அழைக்க வேண்டும். முக்கியமான விஷயம், மயங்கிக் கிடப்பவர் இதைத் தனக்குத்தானே போட்டுக்கொள்ள முடியாது. இன்னொருவர் வேண்டும்.

பெருந்தொற்று குறுக்கே வந்தது இங்கேதான். போதைப் பழக்கம் உள்ளவர்களுக்கு உதவும் வேலையில் இருப்பவர்கள் பல காலமாகச் சொல்லிவந்தது 'தனியாக இருக்கும்போது பயன்படுத்தாதே'. 2020 மார்ச்சில் உலகமே சொன்னது 'தனியாக இரு'. இரண்டையும் ஒருவர் எப்படிக் கடைப்பிடிப்பார்? கண்காணிப்போடு பயன்படுத்தும் இடங்களில், 2003-ல் வான்கூவரில் தொடங்கிய இன்சைட் போன்றவற்றில், இடைவெளி விதியால் ஒரே நேரத்தில் உள்ளே விடும் ஆட்கள் குறைந்தார்கள்.

எண்களைப் பார்ப்போம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கில் எல்லா மருந்து ஓவர்டோஸ் சாவுகளும் சேர்த்து 2019-ல் 70,630. 2020-ல் 91,799. 2021-ல் 1,06,699. இதில் ஓபியாய்டு சம்பந்தப்பட்டவை 2019-ல் 49,860, 2020-ல் 68,630. 'சம்பந்தப்பட்டவை' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரே உடலில் ஃபென்டனிலும் கோக்கைனும் இருந்தால் அந்தச் சாவு இரண்டு வரிசையிலும் வரும், அதனால் மருந்துவாரியான எண்களைக் கூட்டினால் மொத்தத்தைத் தாண்டிவிடும். 'ஓபியாய்டால் இறந்தவர்கள்' என்று மொழிபெயர்த்தால் இந்த நுணுக்கம் போய்விடுகிறது.

இவ்வளவு ஏற்றத்துக்கும் கொரோனாதான் காரணமா? அப்படிச் சொல்லிவிட முடியாததுதான் இந்த ஆய்வுகளின் சிக்கலும் சுவாரஸ்யமும். 2018-ல் சற்றுக் குறைந்த எண், கொரோனா வருமுன்பே மறுபடி ஏறத் தொடங்கிவிட்டது, ஃபென்டனில் மேற்கு மாநிலங்களுக்கும் பரவிக்கொண்டிருந்தது. முடக்கம் அதை வேகப்படுத்தியது என்பது வரை உறுதியாகச் சொல்லலாம். அவசர சிகிச்சைப் பிரிவுகளின் தரவிலும் ஒரு பொறி இருக்கிறது. 2020 மார்ச் இறுதியிலிருந்து நான்கு வாரம், தொற்றுக்குப் பயந்து மக்கள் மருத்துவமனைப் பக்கமே வராமல், அமெரிக்காவில் மொத்த வருகை முந்தைய ஆண்டைவிட 42 விழுக்காடு விழுந்தது. மொத்தம் அப்படிச் சரிந்தால் ஓவர்டோஸ் வருகைகள் துளியும் கூடாமலே விழுக்காட்டில் உயர்ந்து தெரியும். வருகையின் எண்ணிக்கையையும் மொத்தத்தில் அதன் பங்கையும் பிரித்துச் சொல்லாத கட்டுரையை நம்பாதீர்கள்.

தாங்குதிறன் என்று ஒன்று உண்டு. தொடர்ந்து எடுப்பவரின் உடல் பழகிக்கொள்கிறது, சில வாரம் விட்டாலே அந்தப் பழக்கம் கலைந்துவிடுகிறது. சிறையிலிருந்து வெளியே வந்தவர், சிகிச்சை இடையில் அறுந்துபோனவர், வழக்கமான அளவையே மறுபடி எடுத்தால் அதுவே கொல்லும். இவரைப் பற்றி 'அளவுக்கு அதிகமாக உட்கொண்டார்' என்று எழுதுவது பொய். அளவு மாறவே இல்லை, மாறியது அவர் உடல்.

பெருந்தொற்று தற்செயலாக ஒரு சோதனையையும் நடத்திக் காட்டியது. ஓபியாய்டு பழக்கத்துக்குச் சிகிச்சையாகத் தரும் மெத்தடோனும் ஓபியாய்டுதான், அதனால் அமெரிக்காவில் பலர் நாள்தோறும் மையத்துக்கு வந்து ஊழியர் முன்னால்தான் குடிக்க வேண்டியிருந்தது. 2020 மார்ச்சில் அந்தப் பிடியைத் தளர்த்தி, நிலையாக இருப்பவர்களுக்கு 28 நாள் வரை, மற்றவர்களுக்கு 14 நாள் வரை மருந்தை வீட்டுக்குக் கொடுத்துவிடலாம் என்றார்கள். சாவு கூடும் என்று பலர் பயந்தார்கள். பிறகு எண்ணிப் பார்த்தபோது, ஓவர்டோஸ் சாவுகளில் மெத்தடோன் சம்பந்தப்பட்டவற்றின் பங்கு 2019-ல் 4.5 விழுக்காடு, 2021-ல் 3.2. மற்ற சாவுகள் ஏறியதாலும் பங்கு குறையும் என்பதை மறக்க வேண்டாம், ஆனால் பயந்த அளவுக்கு எதுவும் நடக்கவில்லை. 2024-ல் அந்தத் தளர்வை நிரந்தர விதியாக்கிவிட்டார்கள்.

இன்னொரு சொல்லும் பாக்கி இருக்கிறது, 'ஓபியாய்டு எபிடெமிக்'. இதை 'ஓபியாய்டு தொற்று' என்று யாராவது எழுதினால் தயவுசெய்து திருத்துங்கள். எபி, தேமோஸ் என்ற இரண்டும் சேர்ந்தால் மக்கள் மேல் வந்திறங்கியது என்றுதான் பொருள், அதில் தொற்றுதல் எங்கும் இல்லை. தமிழில் 'தொற்று' என்றால் ஒட்டிக்கொள்வது, ஃபென்டனில் இருமினால் பரவாது. 'ஓபியாய்டுக் கொள்ளைநோய்' பரவாயில்லை. கொரோனாவைப் பெருந்தொற்று என்றும் இதை ஓபியாய்டு நெருக்கடி என்றும் எழுதினால் ஒரே பத்தியில் இரண்டும் வரும்போது மோதாது.

ஓவர்டோஸுக்கு 'மிகையளவு' சொல்லமைப்பில் குறையில்லாத மொழிபெயர்ப்பு. மருத்துவமனையில் செவிலியர் தவறுதலாக இரட்டிப்பு ஊசி போட்டுவிட்டால் அதுதான் சரியான சொல். ஆனால் சாவுகளை வகைப்படுத்தும் பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பில், எக்ஸ்40 முதல் எக்ஸ்44 வரையிலான குறியீடுகள் பேசுவது தற்செயலான நஞ்சேற்றத்தைப் பற்றி. அளவு பற்றிய தீர்ப்பு அந்தத் தலைப்புகளில் கிடையாது. கனடா அரசும் தன் புள்ளிவிவரங்களில் 'ஓபியாய்டு நச்சுத்தன்மையால் நேர்ந்த சாவு' என்ற பொருள்படத்தான் எழுதுகிறது. நானும் அந்தப் பக்கம். தெருமருந்து என்றால் 'ஓபியாய்டு நஞ்சேற்றம்', தெரிந்தால் மருந்தின் பெயரோடு 'ஃபென்டனில் நஞ்சேற்றம்'. அதோடு, ஓவர்டோஸ் என்றாலே சாவு என்று நம் செய்திகள் எடுத்துக்கொள்கின்றன, உண்மையில் பெரும்பாலானவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள். ஆகவே இறந்திருந்தால் 'நஞ்சேற்றச் சாவு', நலாக்சோன் போட்டு எழுப்பியிருந்தால் 'நஞ்சேறி மீண்டார்' என்று இரண்டையும் பிரித்தே எழுதலாம்.