“ஒப்பு போடல்ல சார், ஓகேதான் அமுக்கினேன்”: நெட்வொர்க்கில் சேரப்போகும் யூடியூபர்களுக்கு

இந்த ஐப்பசியில் மட்டும் இவர் மூன்றாவது ஆள். மூன்று பேரும் யூடியூப் சேனல் நடத்துகிறவர்கள். மூன்று பேரும், யூடியூபுக்கும் சேனலுக்கும் நடுவில் நிற்கும் ஏதோ ஒரு தனியார் ‘பார்ட்னர் நெட்வொர்க்’கில் சேர்ந்து மாட்டிக்கொண்டவர்கள். ஒருவர் கையிலும் ஒப்பந்தத்தின் நகல் இல்லை. கன்னியாகுமரி மாவட்டம் குழித்துறை கோர்ட்டில் சொத்து வழக்கும் செக் வழக்கும் பார்க்கிற வக்கீல் நான். ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்லி முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

மூன்றாவதாக வந்தவர் மார்த்தாண்டம் பக்கத்தில் தேனீப்பெட்டி வைத்துப் பிழைப்பவர். அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன், அடையாளம் தெரியும் விவரங்களை மாற்றியிருக்கிறேன். ரப்பர் தளிர்க்கும் மாதங்களில் பெட்டிகளை வண்டியில் ஏற்றி எஸ்டேட் எஸ்டேட்டாகக் கொண்டு வைப்பார், சில வருடம் கேரளத்துக்குள்ளும் போவார். ரப்பர்த் தேன் பூவிலிருந்து வருவதில்லை. இலைக்காம்பின் நுனியில் மூன்று இலையும் சேரும் இடத்தில் துளியாகச் சுரக்கும், தேனீ அதைத்தான் குடிக்கும். அந்தத் துளியையும் அதில் வாய் வைத்த தேனீயையும் பழைய செல்போனில் அவர் எடுத்த வீடியோதான் சேனலை ஓட வைத்தது. பேச்சு பாதி தமிழ், பாதி மலையாளம். பார்ப்பவர்களில் பலர் வளைகுடா நாடுகளில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள்.

நான்கு மாதமாகப் பணம் வரவில்லை. நெட்வொர்க்கில் பேசிய ஆள் இப்போது போனை எடுப்பதில்லை.

“அக்ரிமெண்டில் என்ன எழுதியிருந்தது?” என்று கேட்டேன்.

“நான் ஒப்பே போடல்ல சார். ஒரு லிங்க் வந்துது, ஓகேன்னு அமுக்கினேன். அவ்வளவுதான்.”

ஒப்பு என்றால் எங்கள் ஊரில் கையெழுத்து. அவர் மெயிலைத் துழாவி, அந்த லிங்கைக் கண்டுபிடித்து, 22 பக்க ஆங்கில ஒப்பந்தத்தை நானே அச்செடுத்தேன். இரண்டு வருடக் காலம். முடிவதற்கு 60 நாளுக்கு முன் எழுத்தில் மறுப்புத் தராவிட்டால் தானாக இன்னும் இரண்டு வருடம். வருமானத்தில் 30 சதவீதம் அவர்களுக்கு. சேனலில் ஏற்கெனவே உள்ள வீடியோக்களின் உரிமையும் அவர்களுக்கு. வழக்கென்றால் டெல்லியில்.

ஓகே அமுக்கினாலும் ஒப்பந்தம்தான். மின்னணு முறையில் செய்த ஒப்பந்தம் என்ற ஒரே காரணத்துக்காக அது செல்லாமல் போகாது என்று 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 10ஏ பிரிவு இருக்கிறது. ஒப்பு போட்டால்தான் கட்டுப்படுத்தும் என்ற நினைப்பை இன்றோடு விட்டுவிடுங்கள்.

எனக்கு ஆற்றாமை எதில் என்றால், நம் ஊர்க்காரர்களுக்குப் பத்திரம் படிக்கத் தெரியாமல் இல்லை. 1956-க்கு முன்பு இந்தப் பகுதி திருவிதாங்கூரோடு இருந்ததால் பல குடும்பங்களில் மூலப்பத்திரம் மலையாளத்தில் இருக்கும். பத்து சென்ட் வாங்கப் போகிறவர்கூடப் பழைய மலையாள எழுத்து தெரிந்த ஒருவரைத் தேடிப்பிடித்து, நான்கு எல்லையையும் வரி வரியாக வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுப்பார். அதே மனிதர், ஐந்து வருடம் வெயிலிலும் மழையிலும் நின்று எடுத்த வீடியோ முழுவதையும் பஸ் ஸ்டாண்டில் நின்றபடி எழுதிக் கொடுத்துவிடுகிறார். உங்கள் சேனலும் சொத்துதான், ஐயா. அதற்கும் எல்லை பார்க்க வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ‘யூடியூப் பார்ட்னர் புரோகிராம்’ வேறு, ‘பார்ட்னர் நெட்வொர்க்’ வேறு. முதலாவது யூடியூபோடு நீங்கள் நேரடியாகச் செய்யும் ஏற்பாடு. விளம்பரப் பணத்தில் பங்கு வேண்டுமென்றால் ஆயிரம் சந்தாதாரர்களும், கடைசி 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும், அல்லது 90 நாளில் ஷார்ட்ஸுக்கு ஒரு கோடிப் பார்வை வேண்டும். இரண்டாவது, நடுவில் வந்து நிற்கும் தனியார் கம்பெனி. மல்டி சேனல் நெட்வொர்க், சுருக்கமாக எம்சிஎன் என்பார்கள். நெட்வொர்க்குக்குள் போனாலும் அந்த ஆயிரமும் நாலாயிரமும் வேண்டும், 2018-லிருந்து இதுதான் நிலைமை. “எங்களிடம் சேர்ந்தால் உடனே மானிட்டைசேஷன்”, அதாவது விளம்பர வருமானம், என்று ஒருவர் சொன்னால் அங்கேயே போனை வைத்துவிடுங்கள்.

என்னைப் பார்க்க வந்த மூவரையும் விழ வைத்தது இதுகூட இல்லை. “நெட்வொர்க்கில் இருந்தால் காப்பிரைட் பிரச்சினை வராது.” இந்த ஒரு வரிதான். தேனீக்காரர் ஒரு வீடியோவில் பின்னணியாக மலையாள சினிமாப் பாட்டு போட்டிருக்கிறார். அந்தப் பாட்டுக்கு உரிமை கோரும் ‘கிளெய்ம்’ வந்ததும் பயந்துபோய் ஒரு பேஸ்புக் குழுவில் கேட்டிருக்கிறார். மறுநாளே நெட்வொர்க் ஆள் அழைத்து, “சேட்டா, நீங்க பேடிக்க வேண்டாம், நாங்க பார்த்துக்கிறோம்” என்றானாம்.

எதைப் பார்த்துக்கொள்வார்கள்? அந்தப் பாட்டு அவர்களுடையதா? பாட்டின் உரிமை ஆடியோ கம்பெனியிடம் இருக்கிறது. என்னிடம் இல்லாத நிலத்தை நான் உங்களுக்கு வாடகைக்கு விட முடியுமா? அதுபோல, தனக்கு உரிமையில்லாத பாட்டைப் பயன்படுத்த எந்த நெட்வொர்க்கும் உங்களுக்கு அனுமதி தர முடியாது. சில நெட்வொர்க்குகள் தங்கள் உறுப்பினர்களுக்கென்று உரிமம் வாங்கிய இசைத் தொகுப்பு வைத்திருக்கும், அது உண்மை. ஆனால் அந்தத் தொகுப்பில் உள்ள இசை மட்டும்தான், சினிமாப் பாட்டு எல்லாம் இல்லை. நெட்வொர்க்கை விட்டு வெளியே வந்தபின் அதே இசைக்காகப் பழைய வீடியோக்களுக்குக் கிளெய்ம் வருமா என்பதையும் முதலிலேயே கேட்டு எழுதி வாங்க வேண்டும். செலவில்லாமல் வேண்டுமென்றால் யூடியூபிலேயே ஆடியோ லைப்ரரி இருக்கிறது.

கிளெய்மும் ஸ்ட்ரைக்கும் ஒன்றல்ல என்பதே பலருக்குத் தெரிவதில்லை. கிளெய்ம் என்பது கன்டென்ட் ஐடி என்ற தானியங்கி முறை பாட்டைக் கண்டுபிடித்துச் சொல்வது. பெரும்பாலும் அந்த ஒரு வீடியோவின் விளம்பரப் பணம் பாட்டுக்காரருக்குப் போகும், சேனலுக்கு ஒன்றும் ஆகாது. ஸ்ட்ரைக் என்பது உரிமைக்காரர் சட்டப்படி கேட்டு வீடியோவை எடுக்க வைப்பது. 90 நாளுக்குள் மூன்று வந்தால் சேனலே போய்விடும். தேனீக்காரருக்கு வந்தது வெறும் கிளெய்ம். பாட்டு ஒலிக்கும் பகுதியை எடிட்டரிலேயே ஒலி நீக்கியிருந்தால் அன்று ராத்திரியே தீர்ந்திருக்கும். கிளெய்ம் தவறென்றால் நீங்களே மறுப்புத் தரலாம், உரிமைக்காரருக்கு 30 நாள் அவகாசம், அதற்குள் பதில் இல்லையென்றால் கிளெய்ம் தானாக விலகும். இதற்கு வக்கீலும் வேண்டாம், நெட்வொர்க்கும் வேண்டாம்.

கோயில் கொடை, பள்ளித் திருவிழா எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மைக் செட்டில் ஓடும் பாட்டு உங்கள் வீடியோவில் கேட்டாலும் கிளெய்ம் வரும். “நான் போடல்ல, அங்கே ஓடிச்சு” என்பது பதில் ஆகாது.

இனிப் பணம். நீள வீடியோவில் விளம்பரம் நூறு ரூபாய் ஈட்டினால் உங்களுக்கு 55. அதில் 30 சதவீதம் நெட்வொர்க் எடுத்தால் மிஞ்சுவது 38 ரூபாய் 50 காசு. அதைவிட முக்கியம், பணம் போகும் பாதை. நேரடியாக இருந்தால் நூறு டாலர் சேர்ந்தபின் அடுத்த மாதம் 21 முதல் 26 தேதிக்குள் கூகுளின் விளம்பரப் பணக் கணக்கான ஆட்சென்ஸிலிருந்து அனுப்பப்பட்டு உங்கள் வங்கிக்கு வரும். நெட்வொர்க்கில் சேர்ந்தால் பணம் முதலில் அவர்களுக்குப் போகும், அவர்கள் உங்களுக்குத் தருவார்கள். எப்போது தருவார்கள் என்பது ஒப்பந்தத்தில் இருக்கும், இவருடையதில் 60 நாள். அதாவது ஜனவரியில் சம்பாதித்தது ஏப்ரல் கடைசியில். நடுவில் அந்தக் கம்பெனி மூடிவிட்டால் கடன்காரர்கள் வரிசையில் நீங்களும் ஒருவர். 2018 நவம்பரில் அமெரிக்காவில் டெஃபி மீடியா திடீரென்று மூடியபோது அதன் நெட்வொர்க்கில் இருந்தவர்களின் பணம் அப்படித்தான் சிக்கியது. அங்கே லட்சக்கணக்கில் சந்தாதாரர் வைத்திருந்தவர்களாலேயே ஒன்றும் செய்ய முடியவில்லை.

அமெரிக்க வரி என்று பயமுறுத்துவதும் உண்டு. டபிள்யூ-8பென் என்ற படிவத்தை ஆட்சென்ஸில் பான் எண்ணோடு நீங்களே நிரப்பலாம். அதை நிரப்பி இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தச் சலுகையும் கேட்டால் அமெரிக்கப் பார்வையாளர்களால் வந்த பணத்தில் மட்டும் 15 சதவீதம் பிடிப்பார்கள். ஆயிரம் டாலரில் நூறு டாலர்தான் அமெரிக்காவிலிருந்து என்றால் பிடித்தம் 15 டாலர். படிவமே தராமல் இருந்தால் மொத்தத்தில் 24 சதவீதம், 240 டாலர் போய்விடும். துபாயிலும் தோகாவிலும் பார்க்கிறவர்களுக்கும் இந்த வரிக்கும் சம்பந்தமில்லை.

உரிமை எழுதிக் கொடுப்பதைப் பற்றி ஒரு தொழில் குறிப்பு. 1957-ஆம் ஆண்டின் காப்பிரைட் சட்டம் 19-ஆம் பிரிவின்படி, எவ்வளவு காலம் என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம், எந்த எல்லைக்குள் என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றுதான் கொள்ள வேண்டும். உங்களுக்குச் சாதகமான பிரிவு. இது தெரிந்துதான் ‘நிரந்தரமாக, உலகம் முழுவதும்’ என்று வெளிப்படையாகவே எழுதி வைக்கிறார்கள். அந்தச் சொற்களைக் கண்டால் நிறுத்துங்கள். கன்டென்ட் ஐடியில் கிளெய்ம் போட நெட்வொர்க்குக்கு ஒப்பந்தக் காலம் வரை உரிமம் போதும், விலை தீர்த்து எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. ஒப்பந்தச் சட்டத்தில் 27-ஆம் பிரிவு இருக்கிறதே, தொழிலைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாதே என்று படித்துவிட்டு வருகிறார்கள். ஒப்பந்தம் முடிந்தபிறகு போடும் தடைக்கு அது உதவும். காலம் ஓடிக்கொண்டிருக்கும்போது ‘எங்களோடு மட்டும்’ என்ற நிபந்தனையை அதை வைத்து உடைப்பது கடினம்.

அப்படியானால் யாரும் சேரவே கூடாதா? அப்படியில்லை. களியக்காவிளைப் பக்கம் சமையல் சேனல் நடத்தும் ஓர் அக்கா இருக்கிறார். அவருடைய மரச்சீனி, மீன்கறி வீடியோக்களைப் பத்துப் பதினைந்து சேனல்கள் திருடிப் போட்டுக்கொண்டிருந்தன. கன்டென்ட் ஐடி எல்லோருக்கும் கிடைக்காது, நெட்வொர்க் வழியாகத்தான் அவருக்குக் கிடைத்தது. ஒரு வருட ஒப்பந்தம், 15 சதவீதம், 30 நாள் அறிவிப்பில் வெளியேறலாம், திருட்டு வீடியோக்களிலிருந்து எவ்வளவு மீட்டார்கள் என்று மாதாமாதம் கணக்கு. அவருக்கு அது லாபம்தான். அவர் சேருமுன் கேட்ட கேள்வி, “நானே செய்ய முடியாத எதை நீங்கள் செய்வீர்கள், அதை எழுதித் தருவீர்களா?” இதற்கு நேரான பதில் வராத இடத்தில் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். அதற்கும் முன்னால், பார்ட்னர் புரோகிராமில் இருப்பவர்களுக்கு யூடியூபே தரும் காப்பிரைட் மேட்ச் டூலைப் பயன்படுத்திப் பாருங்கள். முழு வீடியோவை அப்படியே போடுகிறவர்களை அது காட்டிக் கொடுக்கும்.

ஒப்பந்தம் வந்தால் முதலில் கடைசிப் பக்கங்களைப் படியுங்கள், வெளியேறும் வழி அங்கேதான் இருக்கும். பாஸ்வேர்டை யாருக்கும் தராதீர்கள். நிஜமான நெட்வொர்க்குக்கு அது தேவையே இல்லை, அழைப்பு யூடியூப் ஸ்டுடியோவுக்கு வரும், அங்கே நீங்கள் ஏற்க வேண்டும். பணம் 60 நாள் தாமதித்தால் ஒப்பந்தத்தை முறிக்கலாம் என்று எழுதச் சொல்லுங்கள். வழக்கு நடக்கும் ஊரைப் பாருங்கள். திருவனந்தபுரம் என்றால் காலையில் பஸ் ஏறி மாலையில் திரும்பிவிடலாம். டெல்லி என்றால் உங்களுக்கு வர வேண்டிய பணத்தைவிட டிக்கெட் செலவு அதிகம். பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகளைக் கொண்டு ஓகே அமுக்க வைக்காதீர்கள், அவர்கள் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. பிள்ளையின் சேனல் என்றால் பெற்றோர் உட்கார்ந்து படியுங்கள். ஆங்கிலம் வரவில்லையா? தெரிந்த ஒரு வக்கீலிடம் கொடுங்கள், அரை மணி நேர வேலை. பணம் இல்லையென்று வராமல் இருந்துவிடாதீர்கள், தயவுசெய்து. ஒப்பு போடுமுன் வந்தவர் யாரையும் நான் திருப்பி அனுப்பியதில்லை.

தேனீக்காரருடைய ஒப்பந்தம் மார்ச் 10-ஆம் தேதி முடிகிறது. மறுப்பு அறிவிப்பு ஜனவரி முதல் வாரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். அப்போது அவர் பெட்டிகளோடு எஸ்டேட்டில் இருப்பார், சிக்னல்கூட இருக்காது. அதனால் நான்கு மாதப் பாக்கியைக் கேட்டும், தராததால் ஒப்பந்தத்தை முறிப்பதாகவும், எப்படியானாலும் புதுப்பிக்கப் போவதில்லை என்றும் ஒரே நோட்டீஸாக இப்போதே எழுதி, மெயிலிலும் ஸ்பீடு போஸ்டிலும் அனுப்பினோம். இந்த முறை ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்ட பிறகுதான் ஒப்பு போட்டார். தபால் ரசீதை இரண்டு நகல் எடுத்து, ஒன்றை வீட்டில் நிலப் பத்திரம் இருக்கும் பெட்டியில் வைக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.