'பி வந்துவிட்டது சார்' என்று மட்டும் வந்து சொல்லாதீர்கள்

போன வாரம் வந்தவர் இந்தக் கல்வியாண்டில் ஐந்தாவது ஆள். மடிக்கணினியைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, "பி வந்துவிட்டது சார், 0.047. 95 சதவீதம் நிரூபணம் ஆகிவிட்டது. நீங்க ஒரு தடவை பார்த்து சரின்னு சொல்லிட்டீங்கன்னா ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிடுவேன்" என்றார். பி என்றால் பி-மதிப்பு, புள்ளியியல் சோதனை கொடுக்கும் ஓர் எண்; அது 0.05க்குக் கீழே இருந்தால் 'வந்துவிட்டது' என்பார்கள். முகத்தில் அவ்வளவு நிம்மதி. அதைக் கெடுப்பதுதான் எனக்குச் சம்பளம் கொடுக்கிற வேலை, என்ன செய்ய.

நான் புள்ளியியல் ஆலோசகன். கல்வியியல், பொருளியல், இயற்பியல் என்று எந்தத் துறை ஆய்வாளரும் டேட்டாவைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். கணிதக்காரர்கள் மட்டும் அதிகம் வருவதில்லை, வந்தாலும் எங்களைக் கேலி செய்யத்தான். துறை எதுவானாலும் ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது: "பி 0.05க்குக் கீழே, ஆகவே என் கருதுகோள் 95 சதவீதம் உண்மை." இது கொஞ்சம்கூட சரியில்லை. ஓரளவு சரி, தோராயமாகச் சரி என்றுகூடச் சொல்ல முடியாது. இதைப் பாடப்புத்தகத்திலேயே தப்பாகப் படித்தவர்களும் உண்டு, தப்பாகவே சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களும் உண்டு. எனக்கு அதுதான் ஆத்திரம்.

பி-மதிப்பு பதில் சொல்லும் கேள்வி இது ஒன்றுதான்: உங்கள் புதிய முறையால் எந்த விளைவுமே இல்லை என்று வைத்துக்கொண்டால், வெறும் தற்செயலால் இந்த அளவு அல்லது இதைவிடப் பெரிய வித்தியாசம் எவ்வளவு அடிக்கடி வரும்? அவ்வளவுதான். "இந்த வித்தியாசம் வந்திருக்கிறது, ஆகவே விளைவு இருப்பதற்கு வாய்ப்பு எவ்வளவு?" என்பது வேறு கேள்வி. இரண்டும் ஒன்றுபோலக் காதில் விழும், ஆனால் ஒன்றல்ல. மருத்துவர்களில் பாதிப் பேரின் கையெழுத்து யாருக்கும் புரியாது என்றே வைத்துக்கொள்வோம். புரியாத கையெழுத்தில் ஒரு சீட்டு கிடைத்தால், எழுதியவர் மருத்துவராக இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்பீர்களா? என் கையெழுத்தும் புரியாது, ஐயா. நான் ஊசி போடுவதில்லை.

இன்னும் நம்பாதவர்களுக்குக் கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன். ஒரு துறையில் ஆயிரம் புதிய யோசனைகளைச் சோதிக்கிறார்கள். அதில் நூறு உண்மையிலேயே வேலை செய்யும், தொள்ளாயிரம் செய்யாது. (செய்யாததுதான் அதிகமாக இருக்கும், புதிய யோசனை என்றாலே அப்படித்தான்.) சோதனைகள் நன்றாக வடிவமைக்கப்பட்டு, உண்மையான நூறில் எண்பதைப் பிடித்துவிடுகின்றன என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். பொய்யான தொள்ளாயிரத்தில் 5 சதவீதம், அதாவது 45, தற்செயலாகவே 0.05க்குக் கீழே வந்துவிடும். ஆக, 'பி வந்துவிட்டது' என்று குதிப்பவர்கள் 125 பேர், அதில் 45 பேர் ஏமாந்தவர்கள். 36 சதவீதம். எல்லாரும் யோக்கியமாக இருந்து, யாரும் எதையும் மறைக்காதபோதே இந்தக் கதி. உங்கள் 95 எங்கே போயிற்று?

நான் மட்டும் சொல்லவில்லை. பி-மதிப்பு என்பது கருதுகோள் உண்மையாக இருப்பதற்கான நிகழ்தகவு அல்ல என்று அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016இல் ஓர் அறிக்கையே வெளியிட வேண்டியிருந்தது. ஒரு சங்கம் உட்கார்ந்து இதை எழுதுகிறது என்றால் எத்தனை பேர் எத்தனை வருடமாகத் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள் என்று யோசியுங்கள். அந்த 0.05ம் வானத்திலிருந்து விழுந்த எண் இல்லை. புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர் 1925இல் எழுதிய புத்தகத்தில், எல்லைக் கோடாக வைத்துக்கொள்ள வசதியாக இருக்கிறது என்று சொன்னது. அந்த வசதியை நாம் வேதமாக்கிவிட்டோம்.

சரி, நம் மாணவருக்கு வருவோம். கணக்கை ஒரு புதிய முறையில் கற்பித்தால் மதிப்பெண் கூடுமா என்பது ஆய்வு. ஒரு வகுப்புக்குப் புதிய முறை, பக்கத்து வகுப்புக்குப் பழைய முறை, நாற்பது நாற்பது பேர். மொத்தம் 80 என்று மென்பொருளில் போட்டு, இரண்டு சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனை செய்திருக்கிறார். தம்பி, 80 இல்லை, இரண்டு. இரண்டே வகுப்பு. நாற்பது பேரும் ஒரே ஆசிரியரிடம், ஒரே நேரத்தில், ஒரே ஜன்னல் பக்கச் சத்தத்தில் படித்தவர்கள், ஒருவர் மதிப்பெண் இன்னொருவர் மதிப்பெண்ணோடு ஒட்டிக்கொண்டே நகரும். ஒரு வகுப்பு ஆசிரியர் கொஞ்சம் கெட்டிக்காரர் என்றால் வித்தியாசம் அங்கேயே வந்துவிடும், முறைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இதை எந்த மென்பொருளும் உங்களைக் கேட்காது. நீங்கள் போட்ட 80ஐ வாங்கிக்கொண்டு மரியாதையாக 0.047 என்று கொடுத்துவிடும்.

அப்புறம் நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டேன். "எத்தனை தேர்வு வைத்தீர்கள்?" கொஞ்சம் தயங்கினார். "ஆறு சார். இதில்தான் வந்தது."

ஆறு தேர்வு வைத்து எதில் வருகிறதோ அதை மட்டும் எழுதுவேன் என்றால், புதிய முறையால் ஒரு பலனும் இல்லாவிட்டாலும் ஏதோ ஒன்றில் 'வந்துவிட' 26 சதவீதம் வாய்ப்பு உண்டு, அதுவும் ஆறும் ஒன்றையொன்று சாராதவை என்றால். இருபது செய்தால் 64 சதவீதம். அவர் ஏமாற்றவில்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மற்ற ஐந்தும் 'வேலை செய்யவில்லை' என்று மனதாரவே நினைத்து ஒதுக்கியிருக்கிறார். நெறியாளரும் "வந்ததை மட்டும் எழுது" என்றிருக்கிறார். என்னிடம் வரும் கேஸ்களில் திருட்டுத்தனம் மிகக் குறைவு, இந்த அப்பாவித்தனம்தான் மிக அதிகம்.

இயற்பியல் மாணவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள், "எங்களிடம் ஐந்து சிக்மா" என்பார்கள். நல்ல வழக்கம்தான். சிக்மா என்பது, வந்த முடிவு தற்செயலாக எதிர்பார்ப்பதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதன் அளவு. தற்செயலால் டேட்டா வரைபடத்தில் அப்படி ஒரு மேடு வர ஏறக்குறைய 35 லட்சத்தில் ஒரு வாய்ப்பு என்ற அளவுக்குப் போகாமல் கண்டுபிடிப்பு என்று சொல்ல மாட்டார்கள். ஜெனீவா பக்கமுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் ஹிக்ஸ் என்ற அடிப்படைத் துகளை 2012 ஜூலை 4 அன்று அறிவித்தபோதும் அட்லஸ், சிஎம்எஸ் என்று இரண்டு குழுக்கள் தனித்தனியாகப் பார்த்திருந்தன. அதே ஆய்வுக்கூடத்தில் 2015 டிசம்பரில் 750 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் பக்கம் ஒரு சின்ன மேடு தெரிந்தது, ஐந்து சிக்மாவைத் தொடவில்லை. கோட்பாட்டுக்காரர்கள் அதை விளக்கி நூற்றுக்கணக்கில் கட்டுரை எழுதித் தள்ளினார்கள். 2016 ஆகஸ்டில் கூடுதல் டேட்டா வந்ததும் மேடு கரைந்துபோயிற்று. மேட்டை அறிவித்தவர்கள் அதைக் கண்டுபிடிப்பு என்று சொல்லவில்லை என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும்.

ஆனால் சிக்மா கூடினால் மட்டும் போதும் என்றும் நினைக்காதீர்கள். 2011 செப்டம்பரில் ஓபெரா குழு, ஜெனீவா பக்கமிருந்து சுமார் 730 கிலோமீட்டர் தள்ளி இத்தாலியின் கிரான் சாசோவுக்குப் போன நியூட்ரினோ என்ற நுண்துகள்கள் ஒளியைவிட 60 நானோவினாடி முன்னால் வந்து சேர்ந்ததாக அறிவித்தது. ஆறு சிக்மா! கடைசியில் பெரிய காரணம், சரியாகச் செருகப்படாத ஓர் ஒளியிழைக் கேபிள். கேபிள் தளர்ந்திருப்பது பி-மதிப்புக்குத் தெரியாது. தளர்ந்த கேபிளோடு பத்து மடங்கு டேட்டா எடுத்திருந்தால் சிக்மா இன்னும் ஏறியிருக்கும், தப்பு இன்னும் உறுதியாகியிருக்கும். அந்தக் குழு செய்த நல்ல காரியம், "எங்களுக்கே நம்ப முடியவில்லை, நீங்களும் சரிபாருங்கள்" என்று உலகத்தையே கூப்பிட்டது. கல்வியியலில் அப்படிக் கூப்பிட்டவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

பொருளியலின் கேபிள் எக்செல்லில் இருந்தது. கார்மென் ரெய்ன்ஹார்ட்டும் கென்னத் ரோகாஃபும் 2010இல் வெளியிட்ட கட்டுரையில், அரசுக் கடன் நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி சராசரியாக மைனஸ் 0.1 சதவீதம் என்று வந்தது. சிக்கன நடவடிக்கை வேண்டும் என்ற அரசியல்வாதிகள் அதைக் கொடிபோலப் பிடித்தார்கள். தாமஸ் ஹெர்ன்டன் என்ற முனைவர் பட்ட மாணவர், வகுப்புப் பயிற்சிக்காக அதே கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார், வரவில்லை. விரிதாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், சராசரி எடுக்கும் சூத்திரத்தில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. அதோடு சில ஆண்டுகளைச் சேர்க்காததையும் எடையிட்ட விதத்தையும் சரிசெய்தால் பிளஸ் 2.2 என்று வந்தது. அவரும் அவருடைய இரண்டு பேராசிரியர்களும் 2013இல் எழுதினார்கள். விடுபட்ட வரிசைகளை ஆசிரியர்களும் ஒப்புக்கொண்டார்கள், மையக் கருத்து மாறாது என்று வாதிட்டாலும். எனக்கு இதில் பிடித்த விஷயம், விரிதாளைக் கேட்டதும் கொடுத்தார்கள் என்பது. கொடுக்காமல் விட்டிருந்தால் இன்றைக்கும் மேற்கோள் ஓடிக்கொண்டிருக்கும்.

இன்னொருவர் திரும்பச் செய்து பார்ப்பதுதான் உண்மையான சோதனை. பொருளியல் ஆய்வகச் சோதனைகள் 18ஐத் திரும்பச் செய்து 2016இல் வெளியிட்டார்கள், 11 தாக்குப்பிடித்தன. உளவியலில் அதற்கு முந்தைய ஆண்டு வந்த நூறு ஆய்வுகளின் கணக்கு இதைவிட மோசம், 36 சதவீதம்தான் மறுபடி 'வந்தது'. கல்வியியலில் நிலைமை என்ன? முன்னணி நூறு ஆய்விதழ்களின் கட்டுரைகளைத் தேடிப் பார்த்து 2014இல் எழுதினார்கள். திரும்பச் செய்து பார்த்தவை 0.13 சதவீதம். பூச்சியத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணைப் புள்ளிவைத்து எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கணிதக்காரர்களின் கேலிக்கு நியாயம் இருக்கிறது. 1919இல் போல்யா என்ற கணிதவியலாளர் ஒரு ஊகம் சொன்னார்: எந்த எண் வரை எடுத்தாலும், அதுவரையுள்ள எண்களில் பாதியோ அதற்கு மேலோ, பகாக் காரணிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்கும் எண்களே. எண்ணிப் பார்த்தவரைக்கும் சரியாகவே இருந்தது. முதன்முதலாக உடைவது 90,61,50,257இல். நாங்களாக இருந்திருந்தால் பத்தாயிரம் எண்ணைப் பார்த்துவிட்டு மிகச் சிறிய பி-க்கு அட்டவணையில் போடும் மூன்று நட்சத்திரத்தைப் போட்டு ஆய்விதழுக்கு அனுப்பியிருப்போம். ஆனால் அவர்களும் ரொம்பச் சிரிக்க வேண்டாம். எந்த வரைபடத்தையும், அடுத்தடுத்த பகுதிகள் ஒரே நிறமாகாமல், நான்கே வண்ணத்தில் தீட்டலாம் என்னும் நான்கு வண்ணத் தேற்றத்துக்கு கெம்ப் 1879இல் கொடுத்த நிரூபணத்தின் ஓட்டையை ஹீவுட் காட்ட 11 வருடம் ஆனது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. டேட்டா சேகரிக்கும் முன் வாருங்கள், பின்னால் வராதீர்கள். சோதனை முடிந்த பிறகு புள்ளியியலாளரைக் கூப்பிடுவது பிரேதப் பரிசோதனைக்குக் கூப்பிடுவது போல என்று ஃபிஷரே 1938இல் சொல்லிவிட்டார், எதனால் செத்தது என்று மட்டும்தான் சொல்ல முடியும். எதை அளக்கப் போகிறீர்கள், எதை முதன்மை முடிவாக எடுப்பீர்கள் என்று முன்கூட்டியே எழுதித் தேதி போட்டு எங்காவது பதிவு செய்யுங்கள், பிறகு அதை மாற்றாதீர்கள். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் மாற்றினேன் என்று எழுதுங்கள். பி-யை மட்டும் எழுதாதீர்கள், வித்தியாசம் எவ்வளவு, அதன் நம்பக இடைவெளி, அதாவது அது எதிலிருந்து எதுவரை இருக்கலாம், எவ்வளவு என்று எழுதுங்கள். லட்சக்கணக்கான வரிசை இருக்கும் டேட்டாவில் யாருக்கும் உபயோகமில்லாத வித்தியாசம்கூட 'வந்துவிடும்'. 0.06 வந்தால் 'கிட்டத்தட்ட' என்று எழுதாதீர்கள், 0.04 வந்தவர் யாரும் 'கிட்டத்தட்ட இல்லை' என்று எழுதுவதில்லையே. வராததையும் அட்டவணையில் போடுங்கள். விரிதாளைக் கேட்டால் கொடுங்கள். நெறியாளர்களே, உங்களிடம் கெஞ்சியே கேட்கிறேன்: 'வந்ததை மட்டும் எழுது' என்று சொல்லாதீர்கள். அந்தப் பிள்ளை அதை இருபது வருடம் இன்னும் இருபது பேருக்குச் சொல்லிக்கொடுக்கும்.

அந்த மாணவர் முதலில் இரண்டு நாள் போனை எடுக்கவில்லை. அப்புறம் வந்தார். ஆறு தேர்வு முடிவையும் ஒரே அட்டவணையில் போட்டிருக்கிறார், தலைப்பில் 'முன்னோட்ட ஆய்வு' என்று சேர்த்திருக்கிறார், அடுத்த பருவத்துக்குப் பன்னிரண்டு வகுப்புகள் கேட்டுப் பள்ளிகளுக்குக் கடிதமும் எழுதியிருக்கிறார். அவருடைய நெறியாளர் இன்னும் என்னோடு பேசவில்லை.